கம்பு, வளையம், 25 மீன்!

தூண்டில் கிடையாது. புழு கிடையாது. படகுகூட வேண்டாம். நீளமாக ஒரு கம்பு, அதன் முனையில் ஒரு வளையம், வளையத்தில் பை மாதிரி ஒரு வலை... அவ்வளவுதான்! வண்ண மீன் கடையில் குட்டி வலையை விட்டுத் துழாவி, மீனை பாலிதீன் கவரில் போட்டுக் கொடுப்பார்களே... அதற்கு இது பெரியண்ணன்.

இந்தக் கைவலையைத் தூக்கிக்கொண்டு அலாஸ்கா மக்கள் கீனாய் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் படையெடுக்கிறார்கள். வழக்கமாக ஜூலை 10-லிருந்து 31 வரை. குளிர்காலம் முழுவதற்குமான மீனை ஃப்ரீஸரில் ரொப்பிவிட வேண்டுமே!

கடலில் வளர்ந்த 'சாக்கை' சால்மன்கள் முட்டையிட ஆறேறி வரும் சீஸன் அது. பனிமலை உருகி வரும் தண்ணீர், வண்டலோடு கலங்கலாக ஓடும். நமக்கு மீன் தெரியாது. மீனுக்கு வலை தெரியாது. இந்தக் கண்ணாமூச்சிதான் மொத்த வித்தையும்!

வலை வாங்கும்போது...

'பெரிசா ஒண்ணு கொடுப்பா' என்று கேட்க முடியாது. வளையத்தின் குறுக்களவு எங்கே அளந்தாலும் 5 அடியைத் தாண்டக் கூடாது. வலைக்கண்ணை இழுத்துப் பிடித்தால் நாலரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். எல்லாம் சட்டம் சார்!

கம்பு, வளையம் இரண்டும் அலுமினியம் என்றால் லேசு. மணிக்கணக்கில் பிடித்து நிற்கப் போவது உங்கள் தோள்தானே? கம்பும் வளையமும் சேரும் இடத்தை நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆற்றின் இழுவை முழுக்க அங்கேதான் விழும். மெல்லிய நரம்பு வலையில் மீன் வசமாகச் சிக்கும். எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். திக்கான நைலான் வலையில் சுலபமாக எடுக்கலாம். திருப்பி விட வேண்டிய மீனுக்கும் காயம் குறைவு.

தண்ணீரில் இறங்கியதும்...

வலையின் வாய் கடல் பக்கம் பார்க்கட்டும். மீன் அங்கிருந்துதானே வருகிறது! வளையத்தை நேராக நிறுத்திப் பிடித்து, சும்மா நில்லுங்கள். கம்பில் 'டொக்' என்று ஒரு இடி கேட்கும். அடுத்த விநாடி கம்பைத் திருகி வளையத்தைப் படுக்கப் போட்டு, கரையை நோக்கி இழுங்கள். யோசித்தால் போச்சு. மீன் வந்த வழியே 'டாட்டா' காட்டிவிடும்!

நெஞ்சு வரை வரும் ரப்பர் உடைக்கு மேல் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டுவது முக்கியம். தடுமாறி விழுந்தால் உடைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். ஐஸ் தண்ணீர்! சிட்டினா என்ற ஊரில், ஆவேசமாக ஓடும் காப்பர் ஆற்றில் மீன் பிடிப்பவர்கள் தங்களைக் கயிற்றால் பாறையோடு கட்டிக்கொள்கிறார்கள். 25 மீன் முக்கியம்தான்... உயிர் அதைவிட முக்கியமாச்சே!

அதென்ன 25?

அதுதான் ரேஷன். கீனாயில் குடும்பத் தலைவருக்கு வருஷத்துக்கு 25 மீன். மற்ற ஒவ்வொருவருக்கும் 10. விற்கக் கூடாது. பிடித்த மீனின் வால் நுனி இரண்டையும் வெட்டி அடையாளம் போட்டு, பர்மிட்டில் கணக்கு எழுத வேண்டும். அலாஸ்காவாசிகளுக்கு மட்டும்தான் அனுமதி. டூரிஸ்ட்டாகப் போனால் கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம்!

ஏன் இத்தனை கெடுபிடி? ஆற்றில் 19-வது மைலில் ஒலி அலைக் கருவி வைத்து, எத்தனை சாக்கை தப்பி மேலே போகிறது என்று தினமும் எண்ணுகிறார்கள். தப்பிப் போனதுதான் முட்டையிடும். எண்ணிக்கை இறங்கினால் சீஸன் நடுவிலேயே கடையைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். அதே ஆற்றில் 'கிங்' சால்மன் ரொம்பவே குறைந்துவிட்டது. அது வலையில் விழுந்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் திருப்பி விட்டுவிட வேண்டும்.

நம் கல்யாண வீட்டுக் கணக்குதான். முதல் பந்தியிலேயே அண்டாவைக் கவிழ்த்துவிட்டால், கடைசிப் பந்திக்கு என்ன மிஞ்சும்?