பூங்காவில் பகிரப்படும் உணவும் அதிகாரத்தின் அனுமதியும்

பசித்தவர்களுடன் உணவைப் பகிர்ந்துகொள்வதற்கு அதிகாரிகளின் அனுமதி தேவையா? ஆலய அன்னதானத்தையும், றமழான் மாதத்தில் பள்ளிவாசல்களில் வழங்கப்படும் நோன்புக் கஞ்சியையும், வெசாக் காலத்தில் வீதியோரங்களில் அமைக்கப்படும் தன்சல்களையும் கண்டு பழகிய எமது வாசகர்களுக்கு இக்கேள்வி விசித்திரமானதாகத் தோன்றக்கூடும். ஆனால், உலகின் செல்வந்த நாடுகளுள் முதன்மையானதாகக் கருதப்படும் ஐக்கிய அமெரிக்காவில், கடந்த இரு தசாப்தங்களாக இக்கேள்வி மாநகர சபைகளிலும் நீதிமன்றங்களிலும் திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டு வந்துள்ளது. அதற்கு நீதிமன்றங்கள் அளித்த விடைகள் எமது நாட்டவரும் அறிந்திருக்க வேண்டியவை என்பதாலேயே இவ்விடயத்தை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

அமெரிக்காவில் 2024 ஜனவரியில் ஓர் இரவில் மேற்கொள்ளப்பட்ட அரசாங்கக் கணக்கெடுப்பின்படி, வீடற்றவர்களாக இருந்தோரின் எண்ணிக்கை 771,480 ஆகும். இவர்களுள் பலர் பெருநகரங்களின் மத்தியிலுள்ள பூங்காக்களையே நாடுகின்றனர். நிழல், நீர், மலசலகூடம், அருகிலேயே நூலகம், பஸ் நிலையம் ஆகிய யாவும் அங்கு ஒருங்கே கிடைப்பதே இதற்குக் காரணமாகும். எனவே, கிறிஸ்தவ சபைகளும் ஏனைய தொண்டர் குழுக்களும் தமது சமையலறைகளில் உணவைத் தயாரித்து, அதனைப் பூங்காக்களுக்கே எடுத்துச் சென்று பகிர்ந்து வருகின்றன. பிரயாணத்துக்குப் பணமில்லாதவரை உணவு இருக்கும் இடத்துக்கு வருமாறு அழைப்பதிலும் பார்க்க, அவர் இருக்கும் இடத்துக்கு உணவைக் கொண்டு செல்வதே இலகுவானது என்பதை எவரும் விளங்கிக்கொள்வர்.

மாநகர சபைகள் இதனை வேறு விதமாகவே நோக்கின. புளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோ மாநகரம், நகர மத்தியிலுள்ள பூங்காக்களில் 25 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு உணவு வழங்குவதாயின் முன் அனுமதி பெறவேண்டும் என 2006 ஆம் ஆண்டில் விதித்தது. ஒரு குழுவுக்கு ஒரு பூங்காவில் ஆண்டொன்றுக்கு இரு தடவைகளே அனுமதி கிடைக்கும். வாரந்தோறும் பசிப்பவருக்கு வருடத்தில் இரு தடவை உணவு என்பதே இவ்விதியின் நடைமுறைப் பொருளாகும். இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களுள், பெரும்பாலும் வீடற்றவர்களையே அங்கத்தவர்களாகக் கொண்டிருந்த ஒரு சிறிய கிறிஸ்தவ சபையும் அடங்கும். 2008 ஆம் ஆண்டில் கீழ் நீதிமன்றம் இவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த போதிலும், 2011 ஏப்ரலில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு ஆயம் மாநகரத்தின் விதி செல்லுபடியானதே எனத் தீர்மானித்தது. அதனைத் தொடர்ந்து 2011 ஜூன் மாதத்தில் ஒர்லாண்டோவின் ஏரிக்கரைப் பூங்காவில் அனுமதியின்றி உணவு பரிமாறிய தொண்டர்கள் 20 பேருக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர்.

இதற்கு மறுவருடமான 2012 இல் பிலடெல்பியா மாநகரமும் தனது பூங்காக்களில் வெளிப்புற உணவு வழங்கலைத் தடை செய்ய முற்பட்டது. அங்குள்ள கிறிஸ்தவ ஊழியக் குழுக்கள் நீதிமன்றத்தில் முன்வைத்த வாதம் கவனிக்கத்தக்கது. உணவளித்தல் தமது வழிபாட்டின் பின்னர் மேற்கொள்ளப்படும் ஓர் உபகாரமன்று, அதுவே வழிபாட்டின் ஒரு பகுதி என அவர்கள் கூறினர். சமய சுதந்திரத்தைப் பாதுகாக்கும் மாநிலச் சட்டமொன்று அங்கு ஏற்கனவே நடைமுறையில் இருந்தது. தடையை அமுல்படுத்த வேண்டாம் என நீதிமன்றம் மாநகரத்துக்கு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

இப்பிரச்சினையை உலகறியச் செய்தவர் ஆர்னோல்ட் அபொட் என்ற முதியவராவார். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய இவர், தமது மறைந்த மனைவியின் நினைவாக, அயலவரை நேசிக்குமாறு கூறும் வேத வாக்கியத்தையே பெயராகக் கொண்ட தொண்டு நிறுவனம் ஒன்றை 1991 ஆம் ஆண்டில் ஆரம்பித்திருந்தார். புளோரிடாவின் போர்ட் லோடர்டேல் நகரக் கடற்கரையில் உணவு வழங்குவதற்குத் தடை விதிக்கப்பட்டபோது, 1999 ஆம் ஆண்டில் மாநகரத்துக்கு எதிராக வழக்குத் தொடர்ந்து வெற்றியும் கண்டார். ஆயினும் 2014 ஒக்டோபரில் அம்மாநகரம் புதிய கட்டளையொன்றை நிறைவேற்றியது. உணவு வழங்கும் இடங்கள் குடியிருப்புகளிலிருந்து 500 அடி தூரத்தில் இருக்க வேண்டும், தற்காலிக மலசலகூடங்கள் அமைக்கப்பட வேண்டும் என்றெல்லாம் அது நிபந்தனை விதித்தது. சில நாட்களின் பின்னர், அப்போது 90 வயதாகியிருந்த அபொட்டும் இரு கிறிஸ்தவ குருமாரும் உணவு பரிமாறிக்கொண்டிருந்த வேளையில் பொலிஸாரால் தடுக்கப்பட்டு, அவர்கள்மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்பட்டது. 60 நாள் சிறையும் 500 டொலர் அபராதமும் விதிக்கப்படக்கூடிய குற்றம் அது. அபொட் தயங்கவில்லை, மூன்று தினங்களின் பின்னர் கடற்கரையில் மீண்டும் உணவு பரிமாறினார். 2014 டிசம்பரில் மாநில நீதிமன்றம் அக்கட்டளையின் அமுலாக்கத்தைத் தற்காலிகமாக இடைநிறுத்தியது. 2019 ஆம் ஆண்டில் அபொட் தமது 94 ஆவது வயதில் காலமானார்.

மாநகர சபைகளின் தரப்பையும் நாம் நியாயமாக நோக்க வேண்டும். பூங்கா அனைவருக்கும் உரியது. ஒரே இடத்தில் நாளாந்தம் பெருந்தொகையானோர் கூடும்போது குப்பை சேர்கிறது. அயலில் வாழ்வோர் முறையிடுகின்றனர். சுகாதாரமற்ற உணவு பரிமாறப்பட்டால், ஏற்கனவே நலிந்திருப்பவர்களே முதலில் பாதிக்கப்படுவர். வெட்ட வெளியில் உண்பதிலும் பார்க்க, கூரையின் கீழ் மருத்துவ உதவியும் தங்குமிட ஆலோசனையும் கிடைக்கும் இடத்தில் உண்பது மேலானது என்ற வாதத்தையும் புறந்தள்ளிவிட முடியாது. இவை யாவும் உண்மையான பிரச்சினைகளே. ஆனால், அவ்வாறான இடங்களைப் போதியளவு ஏற்படுத்திய பின்னரா தடை கொண்டுவரப்பட்டது என்பதே தொண்டர்கள் எழுப்பிய எதிர்க்கேள்வியாகும். அதற்கு மாநகரங்களால் திருப்தியான பதிலை வழங்க முடியவில்லை.

இவ்விடயத்தில் முக்கியமான தீர்ப்பு 2018 ஆகஸ்ட்டில் வெளியாகியது. போர்ட் லோடர்டேலின் மத்தியிலுள்ள ஸ்ட்ரனஹான் பூங்காவில் வாரந்தோறும் மரக்கறி உணவைப் பகிர்ந்து வந்த, சமயச் சார்பற்ற குழுவொன்று தொடர்ந்த வழக்கு அது. ஒர்லாண்டோ வழக்கைத் தீர்மானித்த அதே மேன்முறையீட்டு நீதிமன்றமே இதனையும் விசாரித்தது. ஒர்லாண்டோ வழக்கில், உணவு பகிர்தல் ஒரு கருத்து வெளிப்பாடு என வாதத்துக்காக மட்டுமே ஏற்றுக்கொண்டு, அவ்வாறாயினும் கட்டுப்பாடு நியாயமானதே என நீதிமன்றம் கூறியிருந்தது. இம்முறை அது நேரடியாகவே விடையளித்தது. பதாகையுடன், மேசை விரித்து, வருவோர் எவராயினும் பேதமின்றி அழைத்து, பொதுப் பூங்காவில் உணவு பகிரப்படும்போது, அதனைக் காண்பவர் அதில் ஒரு செய்தி இருப்பதை உணர்ந்துகொள்வார். ஆகவே அது அரசியலமைப்பினால் பாதுகாக்கப்பட்ட கருத்து வெளிப்பாடாகும் என்பதே அத்தீர்ப்பின் சாராம்சம். சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்களுடன் இயேசு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டதையும் நீதிபதிகள் அதில் எடுத்துக்காட்டியிருந்தனர்.

அதே வழக்கில் 2021 ஆகஸ்ட்டில் வழங்கப்பட்ட இரண்டாவது தீர்ப்பு, மாநகரத்தின் பூங்கா விதி அக்குழுவுக்குப் பிரயோகிக்கப்பட்ட விதம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்மானித்தது. உணவு வழங்குவதற்கு மாநகரத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும் எனக் கூறிய அவ்விதி, அனுமதியை எப்போது வழங்க வேண்டும், எக்காரணத்துக்காக மறுக்கலாம் என்பதற்கு அளவுகோல் எதனையும் கொண்டிருக்கவில்லை. ஓர் அதிகாரியின் விருப்பு வெறுப்பே சட்டமாகிவிடும் நிலையை நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

இத்தீர்ப்புகளால் வீடற்றோரின் துயர் தீர்ந்துவிட்டது என எவரும் கருதிவிடலாகாது. பொது இடங்களில் உறங்குவதைத் தண்டிக்கும் உள்ளூர்ச் சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரணானவையல்ல என அமெரிக்க உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்துள்ளது. பூங்காவில் ஒருவருடன் உணவைப் பகிர்ந்துகொள்ளும் உரிமை பாதுகாக்கப்பட்டுள்ளது. ஆனால், உண்டவர் இரவில் அங்கேயே உறங்கினால் தண்டிக்கப்படலாம் என்ற முரண்நிலையே அங்கு இன்று காணப்படுகின்றது.

இவற்றிலிருந்து தெளிவாகும் உண்மை ஒன்றுண்டு. உணவைப் பாதுகாப்பதற்கான ஒழுங்கு வேறு. உணவைப் பகிர்பவரையும் பெறுபவரையும் பார்வையிலிருந்து அகற்றுவதற்கான ஒழுங்கு வேறு. முதலாவதற்கான உதாரணத்தை எமது நாட்டிலேயே காணலாம். தன்சல் நடத்துவோர் தமது பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிவு செய்கின்றனர்; பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் நீரையும் உணவையும் பரிசோதிக்கின்றனர். இதனால் தன்சல்கள் குறைந்துவிடவில்லை. உண்பவருக்கே பாதுகாப்புக் கிடைக்கின்றது.

இரண்டாவதற்கான உதாரணமும் எம்மிடமே உண்டு என்பது வேதனைக்குரியது. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில், முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி வழங்கியமைக்காக மூன்று பெண்கள் உட்பட 4 பேர், நீதிமன்றத் தடையுத்தரவைக் காரணம் காட்டிக் கைது செய்யப்பட்டு, விளக்கமறியலில் வைக்கப்பட்டுப் பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டனர். அக்கஞ்சி ஒரு சமய நிகழ்வின் உணவன்று. போரின் இறுதி நாட்களில் முற்றுகைக்குள் அகப்பட்டிருந்த மக்களின் உயிரைத் தாங்கிய உணவின் நினைவு அது. அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த ஒரு சிரட்டைக் கஞ்சியை அதிகாரம் தடுக்க முற்பட்டபோது, அது தடுக்க முயன்றது உணவையன்று, அதனூடாகக் கூறப்பட்ட செய்தியையே என்பது வெள்ளிடைமலை. அமெரிக்க நீதிபதிகள் பல பக்கங்களில் விளக்கிய விடயத்தை எமது மக்கள் அனுபவத்தில் அறிந்துள்ளனர்.

இதே நாட்டில் 2022 ஏப்ரலில், காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் முஸ்லிம்கள் நோன்பு துறந்த வேளையில் ஏனைய சமூகத்தவர்களும் அவர்களுடன் அமர்ந்து உண்டதை நாம் மறந்துவிடலாகாது. ஒன்றாக உண்பது எதனைக் கூறும் என்பதை அக்காட்சி நாட்டுக்கு உணர்த்தியது.

ஆகவே, பொது இடத்தில் உணவு பகிர்வோரிடம் சுத்தத்தையும் ஒழுங்கையும் எதிர்பார்ப்பது அதிகாரிகளின் கடமையாகும். அதற்கான நிபந்தனைகள் எழுத்தில் தெளிவாகவும், சகல சமூகத்தவருக்கும் சமமாகவும், மறுப்பதற்கான காரணத்தைக் கூறும் கடப்பாட்டுடனும் அமைய வேண்டும். எவருடைய உணவு, எவருடைய நினைவு, எவருடைய நம்பிக்கை என்று பார்த்து அனுமதி வழங்கப்படுமாயின், அதற்குச் சுகாதாரம் என்றோ அமைதி என்றோ பெயரிடுவதில் அர்த்தமில்லை. தன்சலுக்கு ஒரு நீதியும் கஞ்சிக்கு வேறொரு நீதியும் இருக்க முடியாது என்பதை ஆட்சியிலிருப்போர் உணர்ந்து செயற்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.