27.46 மில்லிமீட்டர் காற்று

மீஞ்சூரில் பழைய ஸ்டுடியோ நடத்தியவர் யாராவது தெரிந்தவராக இருந்தால், அவர் வீட்டு பீரோவின் அடித்தட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கல்யாண ஆல்பங்களுக்கு அடியில் ஒரு பென்டாக்ஸ் கே1000 கிடக்க வாய்ப்பு உண்டு. 1976 முதல் 1997 வரை தயாரான கேமரா அது. பிலிம் போய்விட்டது, மீட்டர் செத்துவிட்டது. முன்னால் மாட்டியிருக்கும் 50 மி.மீ. லென்ஸ் மட்டும் துடைத்து வைத்த வெண்கல விளக்கு மாதிரி இருக்கும். எனக்கும் அப்படி ஒன்று கிடைத்தது. கையில் இருந்ததோ விலை குறைந்த மிரர்லெஸ் கேமரா. இரண்டையும் சேர்த்து வைக்க ஓர் அடாப்டர் வாங்கினேன். பெட்டியைப் பிரித்தால் உள்ளே கண்ணாடி இல்லை, கம்பி இல்லை. இரண்டு பக்கமும் மாட்டும் பல் வைத்த வெறுங்குழாய். காற்றுக்கா காசு கொடுத்தோம் என்று தோன்றியது.

காற்றுக்குத்தான் கொடுத்தோம். அந்தக் காற்றின் நீளம்தான் சரக்கு.

பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே 45 டிகிரி சாய்வில் ஒரு முகக்கண்ணாடி இருந்தது. படம் எடுக்கும் நொடியில் அது மேலே எம்பி வழிவிடும். அது எம்ப இடம் வேண்டுமே! அதனால் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து பிலிம் வரை உள்ள தூரத்தை, அதாவது ஃபிளாஞ்ச் தூரத்தை, ஒவ்வொரு கம்பெனியும் தாராளமாக வைத்தது. 1959இல் வந்த நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ., பென்டாக்ஸுக்கு 45.46, கேனான் இஎஃப் மவுண்டுக்கு 44. 1975இல் திருகு மவுண்டைக் கைவிட்டு கே மவுண்டுக்கு மாறியபோதும் பென்டாக்ஸ் அந்த 45.46ஐத் தொடவில்லை. ஏற்கெனவே லென்ஸ் வாங்கியவர்கள் ஒரு மெல்லிய வளையத்தைப் போட்டு அதையே பயன்படுத்தட்டும் என்ற நல்ல எண்ணம்.

2008இல் பானசோனிக் ஜி1 கேமரா அந்த முகக்கண்ணாடியைத் தூக்கி எறிந்தது; மிரர்லெஸ் என்ற பெயரின் பொருளே அதுதான். தூரம் சுருங்கியது. சோனி இ மவுண்டுக்கு 18 மி.மீ., கேனான் ஆர்எஃப்புக்கு 20, நிக்கான் இசட்டுக்கு 16. என் கேமரா சோனி வகை. 45.46இல் 18 போனால் மீதி 27.46. குழாயின் நீளம் அவ்வளவுதான். இதே கணக்குதான் எதிர்த்திசையில் ஏன் முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறது: மிரர்லெஸ் லென்ஸை எஸ்எல்ஆரில் மாட்ட மைனஸ் நீளத்தில் குழாய் வேண்டும், அதை எந்த லேத்தும் கடைந்து தராது.

கடைவது என்றதும் கும்மிடிப்பூண்டி சிப்காட் நினைவுக்கு வருகிறது. அங்கே ஷிப்டு முடிந்து ரயில் ஏறுகிறவர்களில் லேத் ஓட்டுகிறவரைப் பிடித்து 0.1 மி.மீ. என்பது எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பார். நமக்கு அது ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன். அவருக்கு அது பெரிய பிழை. லென்ஸும் அவர் கட்சிதான். குழாய் 0.1 மி.மீ. நீண்டுவிட்டால், லென்ஸின் குவியத் தூரத்தை அதனாலேயே பெருக்கி, வந்ததை அந்த 0.1ஆல் வகுங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு விடை 25,000 மி.மீ., அதாவது 25 மீட்டர். அதற்கு அப்பால் ஃபோகஸ் எட்டாது. வளையத்தை எவ்வளவு திருகினாலும் மசமசப்புத்தான். 135 மி.மீ. லென்ஸ் என்றால் எல்லை 182 மீட்டர். பழவேற்காடு ஏரிப் பூநாரைகள் பெரும்பாலும் அதைவிடத் தள்ளித்தான் நிற்கின்றன. 28 மி.மீ. அகலக்கோண லென்ஸின் நிலைமை பரிதாபம்: எட்டு மீட்டர்கூட இல்லை. பெரிய டெலி லென்ஸ்தான் நுணுக்கமானது என்று நினைப்போம். குழாயின் பிழையில் முதலில் அடிபடுவது குட்டி லென்ஸ்.

இதற்குத் தயாரிப்பாளர்கள் கண்டுபிடித்த வழி எளியது. குழாயை வேண்டுமென்றே ஒரு துளி குட்டையாகக் கடைந்துவிடுவார்கள். முடிவிலி நிச்சயம் எட்டும், அதைத் தாண்டியும் வளையம் கொஞ்சம் ஓடும். லென்ஸின் மீட்டர் எண்கள் பொய் சொல்லும், அவ்வளவே.

பழவேற்காட்டைச் சொன்னதால் ஒன்று. டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டை கட்டியது 1613இல். அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1608இல், அவர்கள் நாட்டு மூக்குக்கண்ணாடிக்காரர் ஹான்ஸ் லிப்பர்ஷே தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஒரு குழாய், இரண்டு கண்ணாடி. அன்றும் வித்தை, இடையில் எவ்வளவு காற்று என்பதில்தான் இருந்தது.

சரி, இந்தக் குழாயை மாட்டுவதில் ஆபத்து எங்கே? முதலாவது, புதுக் குழாயின் உள்பக்கம். மலிவானவற்றில் கடைசல் பிசிறு ஒட்டியிருக்கும். பலமுறை மாட்டிக் கழற்றினால் உலோகத் துகள் உதிரும். உதிர்ந்தால் விழும் இடம் சென்சார். எஸ்எல்ஆரில் அதை மறைக்க முகக்கண்ணாடியும் மூடிய ஷட்டரும் இருந்தன. இங்கே அது திறந்த வாசல். வாங்கியதும் ஈரத்துணியால் உள்ளும் பல்லும் துடைத்துக் காயவைத்து, விரலில் பிசிறு தட்டுகிறதா என்று தடவிப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் இன்னொரு தொல்லையும் உண்டு. அத்திப்பட்டு, எண்ணூர் காற்றில் வரும் அனல்மின் சாம்பல் பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும். அதைச் சட்டை நுனியால் துடைப்பது உப்புத்தாளால் துடைப்பதற்குச் சமம். லென்ஸ் மாற்றுவதை வீட்டுக்குள், கேமராவின் வாய் தரையைப் பார்க்க, ஊது பம்போடு செய்துவிடுகிறேன்.

அடுத்தது எடை. விலை குறைந்த உடல்கள் 350 கிராம் அளவிலேயே இருக்கின்றன. பழைய உலோக டெலி லென்ஸ்கள் சில அதைப்போல இரண்டு மடங்கு வரும். குழாய் வேறு அதை முன்னே தள்ளி நிறுத்துகிறது. எனவே தாங்க வேண்டியது லென்ஸை, கேமராவை அல்ல. முக்காலியிலும் அப்படியே. குழாயில் ஒரு விடுவிப்புப் பொத்தான், கேமராவில் ஒன்று. அவசரத்தில் மாற்றி அழுத்தினால் எது கையோடு வரும், எது தரைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

மின்தொடர்புள்ள அடாப்டர்கள் வேறு சாதி. கேனான் இஎஃப் லென்ஸில் துளையை (அபெர்ச்சரை) மாற்றும் வளையமே கிடையாது. அதற்கு அவை இல்லாமல் வழியில்லை. அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள் என்பேன். கேமரா அடாப்டரின் பின்கள் வழியாக லென்ஸுக்கு மின்சாரம் தருகிறது. சரியாகப் பொருந்தாத பின் செய்யும் காரியம் குழாய்க்கு மட்டும் சேதமாக முடியாது. மாட்டும்போதும் கழற்றும்போதும் கேமரா அணைந்திருக்கட்டும். கையால் ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸ் என்றால் வெறுங்குழாயே உத்தமம்: எரிய அதில் எதுவும் இல்லை. மாட்டியும் ஷட்டர் மறுத்தால் பயப்பட வேண்டாம். பல கேமராக்களில் ‘லென்ஸ் இல்லாமல் இயங்கு’ என்ற அமைப்பை மெனுவில் திறந்துவிட வேண்டும்.

பலரும் நினைக்காத ஆபத்து வெயில். 50 மி.மீ. எஃப்2 லென்ஸ் 25 மி.மீ. அகலத்தில் வெயிலை வாங்கி அரை மி.மீ.க்கும் குறைந்த புள்ளியில் குவிக்கிறது. பரப்பில் ஏறக்குறைய 3,000 மடங்கு. ஏரிக்கரையில் சிவப்பாக எழும் சூரியன் சாது. ஒரு மணி நேரம் கழித்து அதே சூரியன் சாது அல்ல. மலிவு மாடல்கள் பலவற்றில் அணைத்த பிறகும் ஷட்டர் திறந்தே கிடக்கும். பழைய லென்ஸின் துளையோ வைத்த இடத்திலேயே நிற்கும். கழுத்தில் தொங்கவிட்டுப் படகில் ஏறும்போது மூடி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய் சரியா என்று பார்க்க எனக்கு மொட்டை மாடி போதும். இரவில் அனல்மின் நிலையப் புகைபோக்கியின் உச்சியில் சிவப்பு விளக்கு எரியும். சில கிலோமீட்டர் தூரம் 50 மி.மீ. லென்ஸுக்கு முடிவிலிதான். துளையை முழுக்கத் திறந்து, திரையில் பெரிதாக்கி, வளையத்தைத் திருப்பினேன். சிவப்பு ஊதி, சுருங்கி, ஒரு குண்டூசித் தலையாகி, மறுபடி ஊதத் தொடங்கிய பிறகுதான் வளையம் முட்டி நின்றது. குட்டைக் குழாய். விளக்கு கூராக நின்ற இடத்தில், வளையத்தின் மேல், வீட்டில் கிடந்த நகச்சாயத்தால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன்.