பேய்த்தேரை ஓட்டுவது யார்?



சித்திரை வெயிலில் மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூருக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? முன்கண்ணாடி வழியே பார்த்தால், தூரத்தில் தார்ச்சாலையில் தண்ணீர் தேங்கியதுபோல் பளபளக்கும். எதிரே வரும் லாரிகூட அதில் தலைகீழாகத் தெரியும். கிட்டே போனால் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. தண்ணீர் இன்னும் தள்ளிப் போயிருக்கும்.

இதுதான் கானல்நீர். பழந்தமிழில் இதற்குப் பேய்த்தேர் என்றும் பெயர் உண்டு. நெருங்க நெருங்க விலகி ஓடும் தேர்!

அதை ஓட்டுவது வெயில்தான். கொதிக்கும் சாலையை ஒட்டிய காற்று சூடேறி அடர்த்தி குறைகிறது. வானத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி அந்தக் காற்றுக்குள் நுழையும்போது வளைந்து, தரையைத் தொடாமலே மேல்நோக்கித் திரும்பி நம் கண்ணை அடைகிறது. ஒளி நேராக வந்ததாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. அதனால் வானத்தின் ஒரு துண்டு சாலையில் கிடப்பதாகத் தெரிகிறது.

பிறகு ஏன் 'பேய்' என்று பெயர்? 'பே' என்ற சொல்லுக்கு அச்சம் என்று பொருள் சொல்கிறது தொல்காப்பியம். பேய்க்குள் இருப்பதும் அந்த அச்சம்தான். அடங்காமல் கொட்டினால் பேய்மழை, சுழன்றடித்தால் பேய்க்காற்று, வாயில் வைக்க முடியாமல் கசந்தால் பேய்ச்சுரை.

பேய்ச்சுரையின் கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள். தன்னைத் தின்ன வருபவற்றை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. கடையில் வாங்கும் சுரைக்காயும் எப்போதாவது கசக்கும். அம்மா நறுக்கும்போது ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிட வேண்டும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

ஜெர்மனியின் சுரங்கங்களிலும் ஒரு பேய் இருந்தது. வெள்ளி கிடைக்குமென்று ஒரு தாதுவை உருக்கினார்கள். வெள்ளி வரவில்லை, நச்சுப்புகைதான் வந்தது. 'கோபோல்ட்' என்ற குட்டிப்பேயின் வேலை இது என்றார்கள். உண்மையில் அது ஆர்செனிக் புகை. 1735 வாக்கில் சுவீடன் நாட்டு ஜார்ஜ் பிராண்ட் அத்தகைய தாதுவில் ஒரு புதிய உலோகத்தைக் கண்டறிந்தார். பேயின் பெயரே அதற்கு நிலைத்தது: கோபால்ட். நம் உடலில் ரத்தம் ஊற உதவும் வைட்டமின் பி12-க்குள் இருப்பதும் இதே கோபால்ட்தான்.

பேய் என்று பெயர் வைத்தவர்கள் உற்றுப் பார்த்தவர்கள். காரணத்தைத் தேடுவது நம் வேலை. அடுத்த கோடையில் ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு சாலையோரம் நின்று, குனிந்தும் நிமிர்ந்தும் பாருங்கள். குனிந்தால் பேய்த்தேர் உங்கள் பக்கம் நெருங்கி வரும்!