முன்னாள் படைவீரருக்கு மாநில அரசின் உதவிகள்: கேட்டுப் பெற வேண்டியவை

தமிழகத்தைச் சேர்ந்த முன்னாள் படைவீரருக்கு உதவிகள் இரு வழிகளில் வருகின்றன. ஓய்வூதியமும் இ.சி.எச்.எஸ். மருத்துவ வசதியும் ஒன்றிய அரசைச் சேர்ந்தவை. பிள்ளைகளின் கல்வி உதவி, வேலைவாய்ப்பில் ஒதுக்கீடு, தொழில் கடன் மானியம் போன்றவற்றை மாநில முன்னாள் படைவீரர் நலத்துறை கவனிக்கிறது. ஓய்வூதியத்துக்கான வேலையைப் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸே தொடங்கிவிடும். மாநில உதவியோ விண்ணப்பித்தவருக்கு மட்டுமே கிடைக்கும்.

அதற்கான வாசல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். உதவி இயக்குநர் பொறுப்பில் இயங்கும் இந்த அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் காட்டிப் பதிவு செய்து அடையாள அட்டை பெற வேண்டும். வேறு மாவட்டத்தில் குடியேறினால் பதிவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். தரைப்படை, கடற்படை, விமானப்படையில் பணியாற்றியோரே இதற்கு உரியவர்கள். ஓய்வூதியத் தகுதி பெறுமுன் சொந்த விருப்பத்தில் விலகியோரும் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டோரும் பொதுவாக இந்த வரையறைக்குள் வருவதில்லை.

வேலை தேடுவோருக்கு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக் கட்டணத்தில் இரண்டு முறை விலக்கு உண்டு. 1986-இல் தொடங்கப்பட்ட டெக்ஸ்கோ (தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம்) நிறுவனம் முன்னாள் படைவீரரைப் பாதுகாவலர் பணிகளில் அமர்த்துகிறது. சொந்தத் தொழில் செய்ய விரும்புவோருக்கு, 2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் பெரிய வாய்ப்பு: ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம்.

மிகப் பெரிய இடர் ஆவணத்தில்தான் இருக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவியின் பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருக்கும். கடைசிக் குழந்தையின் பெயர், குடும்ப விவரங்களைப் பதியும் படை ஆணையான பார்ட் டூ ஆர்டரில் ஏறியே இருக்காது. வீரர் உயிரோடு இருக்கையில் இவற்றைத் திருத்துவது எளிது. அவர் மறைந்தபின், சாவுத் துயரோடு அலுவலகம் அலுவலகமாக அலைவது அந்தக் கைம்பெண்தான். அவருக்கெனத் தனி அடையாள அட்டை உண்டு என்பதும் பல வீடுகளில் தெரிவதில்லை. உதவி வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் இடைத்தரகர்கள் குறிவைப்பதும் இத்தகையோரையே.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வாய்மொழி மறுப்பை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. பதிலே வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுவின் நிலையைக் கேட்கலாம்; அலுவலகம் 30 நாட்களுக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் முன்னாள் படைவீரருக்கென நடத்தும் குறைதீர் கூட்டத்திலும் மனு தரலாம். அதற்கும் மேலே போக நேர்ந்தால், வழக்கு எங்கே தொடுப்பது என்பதில் கவனம் தேவை. ஓய்வூதியம், ஊனமுற்றோர் ஓய்வூதியம் பற்றிய வழக்குகள் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு, இறுதி ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். மாநில உதவி மறுக்கப்பட்டதற்கு உயர்நீதிமன்றமே இடம்.