“எனக்கும் அப்படித்தான் தெரிகிறது”

“அவகூடப் பேசினா என்கிட்டப் பேசாத.”

“போன் பாஸ்வேர்டுகூடத் தர மாட்டியா? அப்ப நீ என் பிரண்டே இல்ல.”

“நான் அப்படிச் சொல்லவே இல்ல. நீதான் எல்லாத்தையும் தப்பாப் புரிஞ்சுக்கற.”

மதிய உணவு நேரத்தில் மரத்தடியில் நம் காதில் விழும் பேச்சுகள் இவை. ஒருமுறை என்றால் பிள்ளைகளின் சண்டை. அதே இருவருக்குள், மாதக்கணக்கில், எப்போதும் ஒருவரே மற்றவரிடம் இப்படிப் பேசிக்கொண்டிருந்தால் அது சண்டை அல்ல. நெருக்கத்தைக் கருவியாக்கி ஒருவர் மற்றவரின் மனத்தை ஆட்டிவைப்பது. அடிபட்ட காயம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. இது தெரிவதில்லை. கேட்டால் பாதிக்கப்பட்ட பிள்ளையே, “தப்பு என்மேலதான் மிஸ்” என்று சொல்லிவிடும்.

சொல் பிறந்த கதை

இதன் ஒரு வகையை ‘கேஸ்லைட்டிங்’ என்கிறார்கள். பாட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய ‘கேஸ் லைட்’ என்ற ஆங்கில நாடகத்திலிருந்து வந்த சொல் இது. 1944-இல் ஹாலிவுட் திரைப்படமாகவும் வெளிவந்தது. கணவன் இரவில் யாருக்கும் தெரியாமல் மேல்தளத்தில் விளக்கேற்றி நகைகளைத் தேடுவான். அப்போது கீழே மனைவியின் அறையில் எரிவாயு விளக்கு மங்கும். அவள் அதைச் சொன்னால், எல்லாம் உன் கற்பனை என்பான். நாளடைவில் அவள் தன் கண்களையே சந்தேகிக்கத் தொடங்குவாள். ஒரு காவல்துறை அதிகாரி வந்து, விளக்கு மங்குவதைத் தானும் பார்க்கிறார். அப்போதுதான் அவளுக்குத் தன்மீது நம்பிக்கை திரும்புகிறது.

எப்படி அடையாளம் காண்பது?

நான் கவனிக்கும் அறிகுறிகள் நான்கு. முன்பு நால்வரோடு சுற்றிய பிள்ளை ஒருவரோடு மட்டும் ஒட்டிக்கொள்வது. சிறிய கேள்விக்கும் அந்த ஒருவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வது. காரணமே இல்லாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பது. “எனக்குச் சரியா ஞாபகம் இல்ல, அவன் சொல்றதுதான் சரியா இருக்கும்” என்று தன் நினைவைத் தானே தள்ளிவைப்பது.

இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கூச்சமோ வீட்டுக் கவலையோகூடக் காரணமாக இருக்கலாம். அதனால் அந்தப் பிள்ளையிடம் தனியாக ஒரு கேள்வி கேட்பேன்: “நீ முடியாதுன்னு சொன்னா என்ன நடக்கும்?” நல்ல நட்பில், “கொஞ்சம் கோபப்படுவா, அப்புறம் சரியாயிடுவா” என்று பதில் வரும். “பத்து நாள் பேச மாட்டா, மத்தவங்களையும் பேச விட மாட்டா”, “கையை அறுத்துக்குவேன்னு சொல்வான்” என்று வந்தால் அங்கே ‘முடியாது’ என்ற சொல்லுக்கே இடமில்லை என்று பொருள்.

ஏன் விலகி வருவதில்லை?

“அவ்வளவு கஷ்டம்னா விட்டுட்டு வர வேண்டியதுதானே” என்று நமக்குத் தோன்றும். ஆட்டிவைப்பவர் எப்போதும் கடுமையாக இருப்பதில்லை. நான்கு நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் சாக்லேட்டோடு வருவார். எப்போதாவது, எதிர்பாராமல் கிடைக்கும் பரிசு, தவறாமல் கிடைக்கும் பரிசைவிட ஒரு பழக்கத்தை நெடுநாள் நிலைக்கச் செய்யும் என்பதை பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் காட்டின. அந்த ஐந்தாம் நாளுக்காகவே பிள்ளை காத்திருக்கிறது. இது அறிவுக் குறைவு அல்ல.

நாம் என்ன செய்யலாம்?

1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஓர் எளிய சோதனை செய்தார். காட்டிய கோட்டின் அதே நீளத்தில் உள்ள கோடு, மூன்றில் எது என்று சொல்ல வேண்டும். உடன் இருந்தவர்கள் எல்லோரும், முன்பே பேசிவைத்தபடி, தவறான விடையைச் சொன்னார்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தும் பலர் அவர்களோடு ஒத்துப்போனார்கள். குழுவில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, அப்படி ஒத்துப்போவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது.

அந்த ஒருவராக ஆசிரியர் இருக்க முடியும். “நீ சொல்றது எனக்குப் புரியுது. நானும் அதைப் பார்த்தேன்” என்பதே முதல் உதவி. “இனி அவகூடச் சேராதே” என்று ஆணையிட்டால், அந்தப் பிள்ளைக்காக முடிவெடுக்கும் இன்னொருவராக நாமும் ஆகிவிடுவோம். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும் குழுப்பணி, விளையாட்டு, நூலகப் பொறுப்பு ஆகியவற்றைக் கொடுத்து அதன் வட்டத்தை மெல்ல விரிக்கலாம். ஆட்டிவைக்கும் பிள்ளையும் நம் மாணவரே. அது வீட்டில் பார்த்ததைத்தான் இங்கே செய்கிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

தற்கொலை மிரட்டல் என்றால் நாடகம் என்று ஒதுக்காமல், மிரட்டும் பிள்ளைக்கும் உடனே உதவி தேட வேண்டும். படத்தை வெளியிடுவேன் என்ற மிரட்டலோ, பாலியல் வற்புறுத்தலோ இருந்தால் அது பள்ளிக்குள் பேசி முடிக்கும் விஷயமல்ல. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு 14416.

வகுப்பறையில் ஒரு செயல்பாடு

எட்டாம் வகுப்பிலிருந்து இதைச் செய்து பார்க்கலாம். கரும்பலகையில் ‘அக்கறை’, ‘அதிகாரம்’ என இரண்டு கட்டங்கள் வரையுங்கள். “வீட்டுக்குப் போனதும் ஒரு மெசேஜ் போடு”, “எங்க போனாலும் என்கிட்டக் கேட்டுட்டுத்தான் போகணும்” போன்ற வாக்கியங்களைச் சீட்டுகளில் எழுதிக் கொடுங்கள். எது எந்தக் கட்டத்தில் வரும் என்று மாணவர்கள் வாதிடட்டும். யாருடைய சொந்தக் கதையையும் கேட்க வேண்டாம். அன்று ஒன்றும் பேசாத ஒரு பிள்ளை, ஒருவேளை, மறுவாரம் மணி அடித்த பிறகும் வகுப்பிலேயே நின்றுகொண்டிருக்கும். அதற்காக ஐந்து நிமிடம் ஒதுக்கி வைத்திருங்கள்.