கேட்காமல் சாப்பிடும் ஒரு நாள்

செலியாக் நோய்க்கு மாத்திரையும் கிடையாது, ஊசியும் கிடையாது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை வாழ்நாள் முழுக்க விலக்கிவைப்பது ஒன்றே இன்றுவரை உள்ள சிகிச்சை. சொல்வதற்கு எளிது. ஆனால் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வாழும் ஒருவர் பிறந்தநாள் கேக், அலுவலகத்தில் வரவழைக்கும் பீட்சா, நண்பர் வீட்டுப் பாஸ்தா, பள்ளிச் சுற்றுலாவின் சாண்ட்விச் என்று நாலு பேர் கூடும் இடமெல்லாம் கோதுமையைத்தான் பார்க்கிறார். ரொட்டியை இழப்பதைவிடப் பந்தியை இழப்பதுதான் இவர்களை அதிகம் வாட்டுகிறது. கத்தோலிக்கர்களுக்கு நற்கருணை அப்பத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைந்த அளவு உள்ளது செல்லும் என்று வத்திக்கான் 2017-இல் மீண்டும் தெளிவுபடுத்தியது.

இப்படிப்பட்டவர்கள் ஒருநாளாவது எதையும் விசாரிக்காமல் கைநீட்டி வாங்கிச் சாப்பிடும் இடமாகத்தான் குளூட்டன் இல்லா உணவுத் திருவிழாக்கள் உருவாயின. சிகாகோ உள்ளிட்ட அமெரிக்க நகரங்களில் நடந்துவந்த ‘குளூட்டன் ஃப்ரீ அண்ட் அலர்ஜன் ஃப்ரெண்ட்லி எக்ஸ்போ’ இந்த வகையில் பெயர்பெற்றது. பெரிய அரங்கு, வரிசையாகக் கடைகள், தட்டுகளில் ருசிபார்க்கத் துண்டு துண்டாக ரொட்டி, டோநட், பீட்சா, பிஸ்கட். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது இன்னொரு உணவுக் கண்காட்சி. உள்ளே வருபவருக்கு அது வேறு என்பதைப் புரிந்துகொள்ள, அவர் உடம்பில் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

செலியாக் ஒவ்வாமை அல்ல. குளூட்டன் உள்ளே போனதும் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்சுவரில் உள்ள நுண்ணிய விரல் போன்ற புடைப்புகள் தேய்ந்து தட்டையாகின்றன. எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து உடம்பில் சேராது. ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, இன்னொருவருக்குத் தீராத இரத்தசோகை, வேறொருவருக்கு எலும்புத் தேய்வு, சிலருக்குத் தோலில் அரிக்கும் கொப்புளங்கள், குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு. உலக மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மிகப் பலர் இன்னும் கண்டறியப்படவில்லை.

எவ்வளவு குளூட்டன் தீங்கு செய்யும்? 2007-இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உட்கொண்டபோதே குடலில் பாதிப்பு தெரிந்தது. ஒரே ஒரு ரொட்டித் துண்டில் இதைப்போலப் பல பத்து மடங்கு குளூட்டன் இருக்கிறது. அதனால்தான் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா ஆகியவை வரம்பு வைத்திருக்கின்றன. கடையில் வாங்கும் பொட்டலத்துக்கு இந்த வரம்பு காவல். உணவகத்துச் சமையலறையில் யார் காவல்? கோதுமை ரொட்டி வாட்டிய டோஸ்டர், பாஸ்தா வெந்த தண்ணீர், மாவு தோய்த்த கோழி பொரிந்த எண்ணெய், காற்றில் பறக்கும் மாவு, எல்லாமே ஆபத்து. எனவே இவர்கள் எங்கே போனாலும் விசாரணை நடத்த வேண்டியிருக்கிறது. பரிமாறுபவரைக் கேட்டு, அவர் உள்ளே போய்ச் சமையல்காரரைக் கேட்டு, பின்னால் நிற்பவர்கள் முகம் சுளித்து, கூட வந்தவர்கள் சங்கடப்பட்டு, கடைசியில் ‘பரவாயில்லை, எனக்குப் பசிக்கவில்லை’ என்று முடியும் சாப்பாடுகள் ஏராளம். குழந்தைகள் இதைச் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

திருவிழா அரங்கில் இந்த விசாரணை தேவைப்படுவதில்லை. அங்கு வைத்திருக்கும் எதையும் எடுத்துச் சாப்பிடலாம் என்ற உறுதியைத்தான் அமைப்பாளர்கள் விற்கிறார்கள். அந்த உறுதி இல்லாவிட்டால் மற்றது எதற்கும் பொருளில்லை. அதனால் ஒரு விழாவுக்குப் போகுமுன் முதலில் கேட்க வேண்டியது, அரங்கு முழுவதும் குளூட்டன் இல்லாததா, அல்லது வழக்கமான உணவு விழாவில் ஒரு மூலையில் மட்டும் தனிக் கடையா என்பதுதான். இரண்டாவது வகையிலும் நல்லவை உண்டு. ஆனால் பக்கத்துக் கடையில் மைதா பிசைகிறார்கள் என்றால் பழைய விசாரணை தொடர வேண்டியதுதான்.

உணவுக்கு வந்தவர்கள் பேச்சுக்கு நின்றுவிடுவது இந்த விழாக்களில் இயல்பு. நோய் தெரிந்து சில வாரங்களே ஆன ஒருவருக்கு, பல ஆண்டுகள் இதோடு வாழ்ந்தவர் சொல்லும் கால்மணி நேரப் பேச்சு எந்தக் கையேட்டையும்விடப் பயன்படும். எந்த மாவில் ரொட்டி எழும்பும், பள்ளி ஆசிரியரிடம் என்ன எழுதிக்கொடுப்பது, விடுதியில் தங்கும் மகளுக்குத் தனிப் பாத்திரம் எப்படி ஏற்பாடு செய்வது, ஓட்ஸ் வாங்கும்போது ஏன் சான்று பெற்றதையே வாங்க வேண்டும் (வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுகிறது). மருத்துவர் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாதவை இவை. தன் அறிகுறி விநோதமானது, யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்திருந்தவர், அதே களைப்பையும் அதே மூட்டுவலியையும் சொல்லும் இன்னொருவரைச் சந்திக்கிறார். ‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்று பல ஆண்டுகள் கேட்டுவந்தவருக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்!

கூட வந்த அண்ணன் தம்பிகளும் இங்கேதான் ஒரு முக்கியமான செய்தியைக் கேட்டுப்போகிறார்கள். செலியாக் குடும்பத்தில் ஓடும் நோய். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அது இருக்கலாம். ஆகவே அவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஆனால் அதற்கு முன் கோதுமையை நிறுத்தக்கூடாது. நிறுத்திவிட்டால் இரத்தத்தில் எதிர்பொருள் குறைந்து, குடலும் ஆறத் தொடங்கி, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். விழாவின் உற்சாகத்தில் ‘இன்றிலிருந்து நானும் விட்டுவிடுகிறேன்’ என்று கிளம்புபவர்களைப் பிடித்து நிறுத்தி இதைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. புதிதாக நோய் தெரிந்தவர்களின் குடல் தேய்ந்திருப்பதால் பாலில் உள்ள சர்க்கரையும் சில மாதங்களுக்குச் செரிக்காமல் போகலாம். க்ரீம் கேக்கை ஆசைதீரச் சாப்பிட்டுவிட்டு வயிறு உப்பினால், குளூட்டன் கலந்துவிட்டதோ என்று பயந்துவிட வேண்டாம். விழாக்களில் விற்கும் பல பண்டங்களில் நார்ச்சத்து குறைவு, சர்க்கரையும் கொழுப்பும் கூடுதல். அங்கே போவது ஒருநாள் மகிழ்ச்சிக்கு, அன்றாட உணவுக்கு அல்ல.

இந்தக் கூட்டங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் கரேல் டிக்கே, செலியாக் நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று 1930-களிலேயே சந்தேகித்தார். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் பஞ்சம் வந்து ரொட்டி மறைந்தபோது செலியாக் குழந்தைகளின் நிலைமை தேறியது, ரொட்டி திரும்பியதும் மோசமானது என்ற அனுபவம் அவர் சந்தேகத்துக்கு வலுச்சேர்த்தது. 1950-இல் அவருடைய ஆய்வேடு வந்தது. காரணம் தெரிந்த பிறகு அன்றாட வாழ்க்கையை ஒழுங்குபடுத்தும் வேலை நோயாளிகள், பெற்றோர் கைக்கு வந்தது. பிரிட்டனில் 1968-இல் செலியாக் சங்கத்தைத் தொடங்கியவர் பீட்டர் பெனன்சன். மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனலை உருவாக்கிய அதே மனிதர்தான். அவருக்கே இந்த நோய் இருந்தது.

இத்தாலியில் 1979-இல் பெற்றோர்கள் கூடித் தொடங்கிய செலியாக் சங்கம் இன்னும் தூரம் போயிருக்கிறது. பாஸ்தாவும் பீட்சாவும் பிறந்த நாட்டில் இந்த நோயாளிகள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் சட்டமாகவே ஆக்கவைத்தார்கள். 2005-இல் வந்த 123-ஆம் எண் சட்டப்படி பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலக உணவுக்கூடங்களில் கேட்பவருக்குக் குளூட்டன் இல்லாத உணவு தர வேண்டும். சிறப்பு உணவு வாங்க அரசு மாதந்தோறும் உதவித்தொகையும் தருகிறது. சங்கம் பயிற்சி தந்து தன் பட்டியலில் சேர்த்துள்ள உணவகங்கள் 4000-க்கும் மேல். குழந்தைகளுக்கு இந்த நோய் இருக்கிறதா என்று நாடு முழுவதும் பரிசோதிக்க 2023-இல் இன்னொரு சட்டம் வந்தது. அந்த நாட்டின் ஊர்த் திருவிழாக்களிலும் ‘குளூட்டன் இல்லை’ என்ற பலகையோடு தனி அடுப்பு வைப்பதைக் காணலாம். எனக்கு இதுவே சிறந்த ஏற்பாடாகப் படுகிறது. நோயாளிகள் மட்டும் கூடும் விழா அவசியம்தான். ஊர் கூடும் விழாவிலும் அவர்களுக்கு ஓர் இலை போடுவது அதைவிட ஒருபடி மேல்.

தமிழ்நாட்டில் இந்த நோய் அரிது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வட இந்தியாவோடு ஒப்பிட்டால் தென்னிந்தியாவில் இது மிகமிகக் குறைவு என்று காட்டியது. நாம் சோறு தின்பவர்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இட்லி, தோசை, இடியாப்பம், பொங்கல், ஆப்பம் எல்லாம் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை என்பதால், வெளிநாட்டில் தமிழர் வீட்டுக்கு ஒரு செலியாக் விருந்தாளி வந்தால் சமைப்பவருக்குப் பெரிய சிரமமில்லை. கவனிக்க வேண்டியது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவுதான் பாதிக்கும் மேல். சாம்பார், ரசம், ஊறுகாய், இட்லிப்பொடி வரை அது நுழைந்திருக்கும். அரிசிமாவு சேர்த்துச் செய்த பெருங்காயமும் கிடைக்கிறது. டப்பாவின் பின்பக்கம் படித்து வாங்கலாம். சப்பாத்தி சுட்ட கல்லைத் தோசைக்கு எடுக்காமல் தனிக் கல் வைத்து, மால்ட் கலந்த பானத்துக்குப் பதில் காப்பி கொடுத்தால், அந்த விருந்தாளி ஒரு கேள்வியும் கேட்காமல் இரண்டாவது முறை சாம்பார் வாங்கிக்கொள்ளலாம்.