ஐந்து நிமிடத்தில் தத்துவம்!



தத்துவம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நீளமான தாடி, தடிமனான புத்தகம், வாயில் நுழையாத வார்த்தை, கூடவே ஒரு கொட்டாவி. அதுதானே? ஆனால் எது சரி, எது தப்பு, எதற்குக் கவலைப்படலாம், எதை விட்டுவிடலாம் என்று யோசிப்பதுதான் தத்துவம். இதை யோசிக்காத மனுஷர் யாராவது உண்டா? அப்படியென்றால் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இது சொந்தமா?

இல்லை என்று காட்டியது ரேடியோ.

நம் திருச்சி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு தொடங்கியது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புது நெல் வந்தபோது அதைப் பற்றி இந்த வானொலியில் கேட்டுத்தான் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் நிறையப் பேர் பயிரிட்டார்கள். அதனால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்துவிட்டது! விதை நெல்லைப் பரப்ப முடிந்த ரேடியோவால் யோசனையைப் பரப்ப முடியாதா?

முடியும் என்று செய்து காட்டியவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். அரியலூர் மாவட்டம் தென்கச்சிப் பெருமாள் நத்தத்துக்காரர். 1990-களில் சென்னை வானொலியில் காலை நேரத்தில் இவருடைய 'இன்று ஒரு தகவல்' வரும். சில நிமிடம்தான். மரணம், ஆசை, கோபம், நிம்மதி என்று பெரிய பெரிய விஷயத்தை எல்லாம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசுவார். கடைசியில் ஒரு குட்டிக் கதை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அவர் சிரிக்க மாட்டார்! அந்தப் பேச்சுகள் புத்தகங்களாகவும் வந்தன. 2009 செப்டம்பரில் அவர் காலமானார். ஆனால் அவர் குரலை இன்றைக்கும் செல்போனில் கேட்கலாம். நான் அப்படித்தான் கேட்டேன்.

"இவ்வளவு சின்னதாகச் சொன்னால் அது தத்துவம் ஆகுமா?" என்று சிலர் கேட்பார்கள். ஒரு செய்தி சொல்கிறேன். கிரேக்க நாட்டு சாக்ரடீஸ் ஒரு புத்தகம்கூட எழுதவில்லை. கடைத்தெருவில் நின்று பேசினார், கேள்வி கேட்டார். ரோமாபுரி ஆட்சிக் காலத்தில் வாழ்ந்த எபிக்டெடஸ் முதலில் அடிமையாக இருந்தவர், கால் ஊனமானவர். அவரும் எழுதவில்லை. அவர் பேசியதை மாணவர் ஒருவர் குறித்து வைத்ததால்தான் நமக்குக் கிடைத்தது. ஆக, தத்துவம் காதுக்குத்தான் முதலில் வந்தது, கண்ணுக்கு அப்புறம்தான் வந்தது.

சரி, ஒலியில் சொல்வதற்கு என்ன வழி? தென்கச்சியார் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் எனக்குப் புரிந்தவை இவை:

1. ஒரு தடவைக்கு ஒரே ஒரு கருத்து. இரண்டு சொன்னால் இரண்டுமே மறந்துபோகும்.
2. வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும். புத்தகம் என்றால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். காற்றில் போன பேச்சைத் திருப்ப முடியுமா?
3. கேட்கிறவருக்குத் தெரிந்த பொருளில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.
4. 'நீ இப்படித்தான் நடக்கணும்' என்று அதட்டக் கூடாது. யோசிக்க இடம் விட வேண்டும்.

இதை வைத்து எபிக்டெடஸ் கருத்து ஒன்றை நான் செல்போனில் பேசிப் பதிவு செய்தேன். அது இதுதான்:

"தஞ்சாவூர் ரோட்டுல துவாக்குடி பஸ்ஸுக்கு நிக்கிறோம். பஸ் வரல. கோபம் வருது. பஸ் வர்றது நம்ம கையில இல்ல. ஆனா கோபப்படுறதும் படாததும் நம்ம கையிலதான் இருக்கு. கையில இல்லாததுக்கு ஏங்குறவன் அழுவான். கையில இருக்கிறதைப் பாத்துக்கிறவன் நிம்மதியா இருப்பான். இதைச் சொன்னவர் ஒரு அடிமை."

எங்கள் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்களுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு உடனே, "பஸ்ஸு சரி புள்ள. நம்ம ஊருல குப்பை கொட்டுனாங்களே, அது?" என்றார்கள்.

உங்களுக்கே தெரியும். திருச்சி நகரத்துக் குப்பையை எல்லாம் பல வருஷமாக நம் அரியமங்கலத்தில்தான் மலை மாதிரி கொட்டினார்கள். தீப்பிடித்தால் புகை வீட்டுக்குள் வரும். இருமல் வரும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

"அது நம்ம கையில இல்லன்னு நிம்மதியா உக்காந்துக்கிட முடியுமா? ஒருத்தியா நின்னா அது நம்ம கையில இல்லதான். தெருவே சேந்து நின்னு கேட்டா, அதுவும் கையில வந்துரும்ல? அந்த மனுஷன் தனியா யோசிச்சிருக்காரு" என்றார்கள் அப்பாயி.

நான் அசந்துபோய்விட்டேன். எது என் கையில், எது நம் கையில் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பெரிய தத்துவ ஞானியை மடக்கிக் கேள்வி கேட்க, படித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்தக் கருத்து அவர்கள் காது வரைக்கும் வந்து சேர வேண்டும். அவ்வளவுதான். இத்தனை நாள் யாரும் கொண்டுவந்து சேர்க்காதது அவர்கள் குற்றமா?

பெரிய கருத்தைச் சின்னதாகச் சொன்னால் அது சிறுத்துப்போகாது. கேட்டவரை வாய் திறக்க விடாமல் முடித்தால்தான் சிறுத்துப்போகும்.

ஆகவே தோழிகளே, தோழர்களே! நம் காலை வழிபாட்டில் தினமும் ஒரு பொன்மொழி வாசிக்கிறோம். வாசித்ததும் வகுப்புக்குப் போய்விடுகிறோம். வாரத்தில் ஒரு நாளாவது ஒரு கருத்தை ஐந்து நிமிடம் கதையோடு பேசிப் பார்ப்போமா? அதையே செல்போனில் பதிவு செய்து, படிக்க முடியாத நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டுவோம். கடைசியில், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்க மட்டும் மறக்காதீர்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, அரியமங்கலம்